எல்லாக் கணினிகளிலும் திறக்கும் தரவு வட்டைத் தயாரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

லினக்ஸில் எழுதிய ஒரு சிடியை விண்டோஸில் போட்டால் கோப்புப் பெயர்கள் எட்டெழுத்தாகச் சுருங்கி நிற்கின்றன. விண்டோஸில் எழுதிய டிவிடியைப் பழைய டிரைவ் ஒன்றில் வைத்தால் வட்டே காலியாகத் தோன்றுகிறது. மேக்கிலிருந்து வந்த வட்டில் யாரும் வைக்காத கோப்புகள் வரிசையாகத் தென்படுகின்றன. இப்படி நேரும்போது வட்டைக் குறைசொல்லி வேறொரு வட்டில் அதே முறையில் மீண்டும் எழுதுவது பலருடைய வழக்கம். பெரும்பாலும் குறை வட்டில் இருப்பதில்லை. எழுதும்போது எந்தக் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை அடுக்கிப் பட்டியலிடும் முறை) தேர்ந்தெடுக்கப்பட்டது, கோப்புகளுக்கு எப்படிப் பெயரிடப்பட்டது, எழுதி முடித்தபின் மேற்கொண்டு எதையும் சேர்க்க முடியாதபடி வட்டு மூடப்பட்டதா என்ற மூன்று கேள்விகளில்தான் விடை இருக்கும்.

சிடி, டிவிடி, ப்ளூ-ரே ஆகிய மூன்று வகை வட்டுகளிலும், விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் பெயர் சிதையாமல், கோப்பு விடுபடாமல் திறக்கும் தரவு வட்டை எப்படி உருவாக்குவது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. வேலையின் பெரும்பகுதி வெற்று வட்டை டிரைவில் வைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டியது என்பதால், எழுதும் படியைவிட அதற்கு முந்தைய படிகளே இங்கு நீண்டிருக்கும்.

ஒரே வட்டில் பல பெயர்ப்பட்டியல்கள்

முதலில் ஓர் அடிப்படையைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிதாகும். ஒரு தரவு வட்டில் கோப்புகளின் உள்ளடக்கம் ஒரே ஒருமுறைதான் எழுதப்படுகிறது; ஆனால் அந்த உள்ளடக்கம் எந்த இடத்தில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியல்கள் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கலாம். ஒரே நூலுக்கு மூன்று மொழிகளில் பொருளடக்கம் அச்சிட்டு, பக்கங்களை மட்டும் பொதுவாக வைப்பதைப் போன்றது இது. எந்த இயங்குதளம் எந்தப் பட்டியலைப் படிக்கிறதோ அதன்படியே கோப்புகள் அதற்குத் தெரியும். ஆகவே, எந்தக் கோப்பு முறைமை சிறந்தது என்று தேடி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தேவையான பட்டியல்கள் அனைத்தையும் சேர்த்தே எழுதிவிடலாம்.

அவற்றில் மூத்தது ஐஎஸ்ஓ 9660. சிடியில் தரவை எழுத ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்த காலத்தில், 1985-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஹை சியரா என்ற விடுதியில் கூடிய நிறுவனப் பிரதிநிதிகள் பொதுவான ஒரு வரைவை உருவாக்கினர். அது சில மாற்றங்களுடன் 1988-இல் பன்னாட்டுத் தரமாயிற்று. வெவ்வேறு கணினிகள் எண்களை வெவ்வேறு பைட் வரிசையில் படிக்கும் என்பதற்காக, இத்தரத்தில் கோப்பின் இருப்பிடம், அளவு போன்ற முக்கிய எண்கள் இரண்டு வரிசைகளிலும் அடுத்தடுத்து எழுதப்படுகின்றன என்பதிலிருந்தே, இதை வகுத்தவர்கள் எந்த அளவுக்குப் பொதுமையை எதிர்பார்த்தார்கள் என்பது விளங்கும். அந்தப் பொதுமைக்கு ஒரு விலையும் உண்டு. இதன் முதல் நிலையில் கோப்புப் பெயர் 8 எழுத்துகளையும், பின்னொட்டு 3 எழுத்துகளையும் தாண்டக் கூடாது. ஆங்கிலப் பேரெழுத்துகள், எண்கள், கீழ்க்கோடு ஆகியவை மட்டுமே இடம்பெறலாம். கோப்புறைகள் 8 அடுக்குகளுக்கு மேல் ஆழமாகச் செல்லக் கூடாது. இரண்டாம் நிலை பெயரை 31 எழுத்துகள் வரை அனுமதிக்கிறது. மூன்றாம் நிலை ஒரு கோப்பைப் பல துண்டுகளாகப் பதியவும் இடமளிக்கிறது.

இந்தக் குறுகிய பெயர்களின் மேல் இரண்டு நீட்டிப்புகள் வந்தன. விண்டோஸ் 95 காலத்தில் மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய ஜோலியட், யூனிகோட் எழுத்துகளில் 64 குறிகள் வரை நீளும் பெயர்களைத் தனியொரு பட்டியலாகச் சேர்க்கிறது. யூனிக்ஸ் உலகிலிருந்து வந்த ராக் ரிட்ஜ், ஐஎஸ்ஓ பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் நீண்ட பெயர், உரிமையாளர், அனுமதிகள், குறியீட்டு இணைப்புகள் ஆகியவற்றைக் கூடுதலாக இணைக்கிறது. விண்டோஸ் ஜோலியட்டைப் படிக்கும், ராக் ரிட்ஜைக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் இரண்டையும் படிக்கும். இரண்டும் இருந்தால் ராக் ரிட்ஜையே எடுத்துக்கொள்ளும். மேக் இரண்டையும் படிக்க வல்லது. லினக்ஸ் வட்டு விண்டோஸில் எட்டெழுத்தாகச் சுருங்குவதற்கான காரணம் இப்போது தெளிவாகியிருக்கும்: அதில் ராக் ரிட்ஜ் மட்டும் இருந்தது, ஜோலியட் சேர்க்கப்படவில்லை.

நான்காவது, யூடிஎஃப். டிவிடியை ஒட்டி வளர்ந்த இந்த முறைமையில் பதிப்பு எண்ணைக் கவனிப்பது மிக முக்கியம். டிவிடி வீடியோவில் பயன்படுவது 1.02, விண்டோஸ் எக்ஸ்பி 2.01 வரை மட்டுமே படிக்கும், 2.50-ஐ விண்டோஸ் விஸ்டாவும் அதற்குப் பிந்தையவையும், மேக் ஓஎஸ் எக்ஸ் 10.5-உம் அதற்குப் பிந்தையவையும், லினக்ஸின் மையநிரலான கெர்னல் 2.6.26-உம் அதற்குப் பிந்தையவையும் படிக்கின்றன. ஐஎஸ்ஓவும் யூடிஎஃப்பும் ஒரே வட்டில் சேர்ந்திருக்கும் ஏற்பாட்டுக்கு யூடிஎஃப் பிரிட்ஜ் என்று பெயர்.

எனவே என் பரிந்துரை இதுதான்: சிடிக்கு ஐஎஸ்ஓ, ஜோலியட், ராக் ரிட்ஜ் ஆகிய மூன்றும், டிவிடிக்கு அதே மூன்றுடன் விருப்பமானால் யூடிஎஃப் 1.02, பெரிய கோப்புகள் கொண்ட ப்ளூ-ரேக்கு யூடிஎஃப் மட்டும். பழைய மேக் கணினிகளுக்காக, ஆப்பிளின் சொந்தக் கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பட்டியலையும் சேர்க்கும் கலப்பு வட்டுகள் ஒரு காலத்தில் தேவைப்பட்டன. மேக் ஓஎஸ் 10.15 முதல் பழைய எச்எஃப்எஸ்ஸுக்கான ஆதரவே நீக்கப்பட்டுவிட்டதால், புதிதாக ஒரு வட்டைத் தயாரிப்பவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

முதற்படி: வட்டைத் தேர்ந்தெடுத்தல்

ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வட்டையே எடுங்கள். அழித்து எழுதும் வட்டுகள் சிக்கனமாகத் தோன்றினாலும், அவற்றின் ஒளி எதிரொளிப்பு குறைவு. அழித்து எழுதும் சிடி எதிரொளிக்கும் ஒளி, சாதாரண எழுதும் சிடி எதிரொளிப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே இருப்பதால், பழைய டிரைவ்கள் பல அதை வட்டு என்றே அடையாளம் காண்பதில்லை. பிறருக்குக் கொடுக்கும் வட்டில் இந்த அபாயம் தேவையற்றது.

கொள்ளளவைக் கணக்கிடும்போது அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 80 நிமிட சிடியில் நொடிக்கு 75 வீதம் 3,60,000 செக்டர்கள், அதாவது தரவைப் பதியும் சம அளவுத் துண்டுகள், உண்டு. தரவுக்கு ஒரு செக்டரில் 2,048 பைட் என்பதால் மொத்தம் 73,72,80,000 பைட், அதாவது கணினி காட்டும் கணக்கில் ஏறத்தாழ 703 எம்பி. டிவிடியில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருப்பது ஆயிரத்தின் மடங்குகளில் சொன்ன கணக்கு. 1,024-இன் மடங்குகளில் எண்ணும் விண்டோஸ் அதையே 4.38 ஜிபி என்று காட்டும். இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. டிவிடி-ஆர் வகை வட்டின் கொள்ளளவு 4,70,73,19,808 பைட். டிவிடி+ஆர் வகையில் 4,70,03,72,992 பைட். இடையிலுள்ள வேறுபாடு 7 எம்பிக்குச் சற்றுக் குறைவுதான் என்றாலும், முதல் வகையில் விளிம்புவரை நிரப்பிய ஒரு தொகுப்பு இரண்டாம் வகையில் அடங்காது. எந்த வட்டு கிடைக்குமோ அதில் எழுதலாம் என்ற வசதி வேண்டுமானால் 4.3 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கோப்பும் முழு செக்டர்களாகவே இடம் பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு பைட் கொண்ட கோப்புக்கும் 2,048 பைட் செலவாகும். சிறு கோப்புகள் பத்தாயிரம் இருந்தால், கோப்புக்குச் சராசரியாக அரை செக்டர் வீணாகும் என்ற கணக்கில் ஏறத்தாழ 10 எம்பி காணாமல் போகும்.

இரண்டாம் படி: கோப்புகளுக்குப் பெயரிடுதல்

வன்வட்டில் தனியாக ஒரு கோப்புறையைத் திறந்து, வட்டில் போக வேண்டியவற்றை மட்டும் அதற்குள் நகலெடுங்கள். மூலக் கோப்புறையிலிருந்தே நேரடியாக எழுதுவது பிழைகளுக்கு வழி வகுக்கும்; பெயர்களை மாற்றவும், தேவையற்றவற்றை நீக்கவும் தயங்க நேரும்.

பெயர்களில் எல்லா இயங்குதளங்களும் ஏற்கும் எழுத்துகளை மட்டும் பயன்படுத்துங்கள். பின்சாய்வு, முன்சாய்வு, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், கோணக் குறிகள் இரண்டு, செங்குத்துக்கோடு ஆகிய ஒன்பதையும் விண்டோஸ் ஏற்காது. லினக்ஸோ முன்சாய்வைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். அதனால் லினக்ஸில் நேரத்தை முக்காற்புள்ளியிட்டுப் பெயராக வைத்த ஒளிப்படங்கள் விண்டோஸில் வேறு பெயரில் தோன்றலாம், அல்லது திறக்காமலே போகலாம். பெயரின் இறுதியில் புள்ளியோ இடைவெளியோ இருக்கக் கூடாது. டாஸ் காலத்திலிருந்து விண்டோஸ் தனக்கென ஒதுக்கிவைத்திருக்கும் சிஓஎன், பிஆர்என், ஏயூஎக்ஸ், என்யூஎல் போன்ற சாதனப் பெயர்களையும் கோப்புக்கு இடாதீர்கள். அவற்றை நினைவில் வைக்க முடியாதவர்கள், மூன்று அல்லது நான்கு எழுத்துகளில் பெயரிடுவதையே தவிர்த்துவிட்டால் போதும்.

பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு இன்னொரு பொறி. லினக்ஸுக்கு இவை இரண்டும் வெவ்வேறு; ஆகவே ஒரே கோப்புறையில் எழுத்தின் அளவில் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்புகள் அங்கே இயல்பாக இருக்கலாம். விண்டோஸில் அவற்றுள் ஒன்றை மட்டுமே திறக்க முடியும். இதன் மறுபக்கம் இணையப் பக்க வடிவில் தயாரிக்கும் வட்டுகளில் தெரியும்: பக்கத்தினுள் இணைப்பைச் சிற்றெழுத்தில் எழுதிவிட்டு, கோப்புக்குப் பேரெழுத்தில் பெயர் வைத்திருந்தால், விண்டோஸில் எல்லாம் சரியாக நடக்கும், லினக்ஸில் படங்கள் ஒன்றுகூடத் தெரியாது. எல்லாப் பெயர்களையும் சிற்றெழுத்தில் வைத்து, இணைப்புகளை முன்சாய்வுடனும், வட்டின் மேல்நிலைக் கோப்புறையிலிருந்து தொடங்காமல் அந்தந்தப் பக்கத்தைச் சார்ந்தும் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

கோப்புறை ஆழத்தை ஐந்து அடுக்குக்குள் நிறுத்துவது நல்லது. எட்டைத் தாண்டினால் ராக் ரிட்ஜ் ஆழமான கோப்புறைகளை மேலே எடுத்து வந்து, ஆர்ஆர் மூவ்டு என்ற தனிக் கோப்புறையில் போட்டுவிட்டு, பழைய இடத்தில் சுட்டி ஒன்றை வைக்கும். சுட்டியைப் புரிந்துகொள்ளும் லினக்ஸில் எதுவும் மாறியதாகத் தெரியாது. புரிந்துகொள்ளாத கணினியில் பழைய இடத்தில் அந்தக் கோப்புறை கிடைக்காது.

மேக்கில் தொகுப்பவர்கள் இறுதியாக ஒருமுறை மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு கோப்புறையிலும் மேக் தானாக உருவாக்கிய டிஎஸ் ஸ்டோர் கோப்பையும், புள்ளியும் கீழ்க்கோடும் கொண்டு தொடங்கும் இணைக் கோப்புகளையும் நீக்குங்கள். விண்டோஸில் தொகுப்பவர்கள் சிறுபடச் சேமிப்புக் கோப்புகளையும் டெஸ்க்டாப் அமைப்புக் கோப்புகளையும் நீக்க வேண்டும். குறியீட்டு இணைப்புகளும் குறுக்குவழிகளும் இருந்தால், அவை சுட்டும் உண்மையான கோப்பையே அந்த இடத்தில் வையுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் இருந்தால்

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் நீளக் கணக்கைச் சற்று வேறுவிதமாகப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஓர் எழுத்து, யூனிகோடில் பெரும்பாலும் இரண்டு குறிகளால் ஆனது. "ஆண்டுவிழாப் புகைப்படங்கள்" என்ற பெயரில் நாம் படிப்பது 14 எழுத்துகளும் ஓர் இடைவெளியும். ஆனால் ண், டு, வி, ழா போன்றவை ஒவ்வொன்றும் இரண்டு குறிகள் என்பதால் ஜோலியட் கணக்கில் இந்தப் பெயர் 25 இடங்களை எடுத்துக்கொள்கிறது. 64 என்ற வரம்பில் அது ஐந்தில் இரண்டு பங்கு. லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் 8 பிட் யூனிகோட் குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை; அதே பெயர் அங்கே 73 பைட். ராக் ரிட்ஜ் பெயரின் வரம்பு 255 பைட் என்பதால் 85 தமிழ்க் குறிகளோடு அது முடிந்துவிடும். யூடிஎஃப்பில் 127 குறிகள் வரை செல்லலாம். சில கருவிகள் ஜோலியட்டை 103 குறிகள் வரை நீட்டும் ஒரு விருப்பத்தைத் தருகின்றன. அது தரத்தை மீறியது, ஆகவே பிறருக்குக் கொடுக்கும் வட்டில் அதை நம்பியிருக்க வேண்டாம்.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கல் ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களில் இருக்கிறது. "கோ" என்பதை, க-வுக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைத்தும் எழுதலாம். ஏகாரக் குறி, ஆகாரக் கால் என்ற இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் விசைப்பலகையிலிருந்து வருவது பொதுவாகச் சேர்ந்த வடிவம். எனவே அத்தகைய மேக்கிலிருந்து எழுதப்பட்ட வட்டில் "கோயில்" என்ற கோப்பு கண்ணெதிரே இருக்கும். ஆனால் லினக்ஸில் அதே பெயரைத் தட்டித் தேடினால் அகப்படாது. மவுஸால் சொடுக்கினால் திறக்கும். பட்டியல் கோப்புகள், இணைப்புகள், நிரல்கள் வழியாகப் பெயரைக் குறிப்பிடும்போதுதான் வேற்றுமை வெளிப்படும்.

மூன்றாவதாக, ஐஎஸ்ஓவின் அடிப்படைப் பட்டியலில் தமிழுக்கு இடமே இல்லை. ஜோலியட்டும் ராக் ரிட்ஜும் படிக்கத் தெரியாத ஒரு சாதனம், கீழ்க்கோடுகளும் வரிசை எண்களுமாகச் சிதைந்த பெயர்களையே காட்டும். அதில் எது எந்தக் கோப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த மூன்றையும் கருதி நான் சொல்லும் வழி சற்றுப் பழமையானதாகத் தோன்றலாம்: கோப்புகளுக்கு ஆங்கிலச் சிற்றெழுத்திலும் எண்களிலும் குறுகிய பெயர்களையே வையுங்கள், தமிழ்த் தலைப்புகளை வட்டின் மேல்நிலைக் கோப்புறையில் வைக்கும் ஓர் அட்டவணைப் பக்கத்தில் எழுதி, அங்கிருந்து ஒவ்வொரு கோப்புக்கும் இணைப்புக் கொடுங்கள். முதல் எட்டு எழுத்துகளிலேயே ஒவ்வொரு பெயரும் தனித்திருந்தால், எந்தப் பட்டியல் படிக்கப்பட்டாலும் பெயர் அடையாளம் தெரியும். உங்கள் சொந்தக் கணினிகளுக்குள் மட்டும் சுற்றும் வட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டாம். தமிழ்ப் பெயர்களைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: உள்ளடக்கமும் பொதுவானதாக இருக்கட்டும்

வட்டு திறந்தும் கோப்பு திறக்காவிட்டால் பயனில்லை. உரைக் கோப்புகளை யூனிகோடில் சேமியுங்கள். விண்டோஸ் நோட்பேட் 2018-க்கு முன்புவரை லினக்ஸ் பாணி வரிமுடிவுகளை (வரி முடிவதைக் காட்டும் மறைகுறிகள்) அறியாமல் எல்லா வரிகளையும் ஒரே வரியாகக் காட்டியது என்பதால், மனிதர் படிக்கும் உரைக்கு விண்டோஸ் பாணி வரிமுடிவே பாதுகாப்பானது. டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியாக்கங்களில் தட்டச்சு செய்த தமிழ் ஆவணங்கள் உரிய எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாகவே தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள், அல்லது எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப்பாக ஆக்குங்கள். இயங்கும் நிரல்கள் ஓர் இயங்குதளத்துக்கே உரியவை; மூன்றுக்கும் தனித்தனி நிரல் தேவையென்றால் மூன்று கோப்புறைகளில் வைத்து, எது எதற்கு என்று அட்டவணைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

4,29,49,67,295 பைட்டைத் தாண்டும் ஒற்றைக் கோப்பு இருந்தால் நின்று யோசிக்க வேண்டும். ஐஎஸ்ஓ பட்டியலில் ஒரு துண்டின் அளவைக் குறிக்கும் இடம் 32 பிட் மட்டுமே. அதில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் இது. மூன்றாம் நிலையின் பல துண்டு முறையை எல்லாக் கணினிகளும் சரியாகப் படிப்பதில்லை. சில கருவிகள் ஐஎஸ்ஓ பட்டியலில் அளவைக் குறைத்துக் காட்டிவிட்டு, யூடிஎஃப் பட்டியலில் மட்டும் சரியாக எழுதுகின்றன. அப்போது யூடிஎஃப் படிக்கும் கணினியில் முழுக் கோப்பும், மற்றதில் வாலறுந்த கோப்பும் கிடைக்கும். பெறுபவரின் கணினி எதுவென்று தெரியாத நிலையில், கோப்பை 2 ஜிபிக்கும் குறைவான பகுதிகளாகப் பிரித்து வைப்பதே உறுதியான வழி. நவீன கணினிகளுக்கு மட்டும் என்றால் யூடிஎஃப் போதும்.

நான்காம் படி: இமேஜ் உருவாக்குதல்

எழுதும் மென்பொருளில் கோப்புகளை இழுத்துப் போட்டு நேரடியாக எழுதாமல், முதலில் ஐஎஸ்ஓ இமேஜ் கோப்பாக, அதாவது முழு வட்டையும் அடக்கிய ஒற்றைக் கோப்பாக, உருவாக்கிக்கொள்ளுங்கள். அதை ஆராயலாம், திருத்தலாம், எத்தனை வட்டிலும் ஒரே மாதிரி எழுதலாம்.

லினக்ஸில் ஜென்ஐசோஇமேஜ், சோரிசோ ஆகிய கட்டளைக் கருவிகளும், கே3பி, பிரசேரோ போன்ற வரைகலை மென்பொருள்களும் இதற்கு உள்ளன. கட்டளைக் கருவிகளில் ஜோலியட்டைச் சேர்க்க ஜே என்ற பேரெழுத்துக் குறியையும், வட்டின் பெயருக்கு வி என்ற பேரெழுத்துக் குறியையும் தர வேண்டும். ராக் ரிட்ஜுக்கு ஆர் எழுத்தில் இரண்டு குறிகள் உண்டு. பேரெழுத்து ஆர், உங்கள் கணினியிலுள்ள உரிமையாளர் எண்ணையும் அனுமதிகளையும் அப்படியே வட்டில் பதித்துவிடும். உங்களுக்கு மட்டும் படிக்க அனுமதித்திருந்த கோப்பு, வேறொரு லினக்ஸ் கணினியில் திறக்க மறுக்கும். சிற்றெழுத்து ஆர், எல்லாரும் படிக்கலாம் என்று அனுமதிகளை ஒழுங்குபடுத்திப் பதிக்கும். பிறருக்குக் கொடுக்கும் வட்டுக்கு எப்போதும் சிற்றெழுத்தே வேண்டும். சோரிசோ யூடிஎஃப்பை எழுதாது. அது தேவையென்றால் ஜென்ஐசோஇமேஜைப் பயன்படுத்துங்கள்.

மேக்கில் ஃபைண்டரில் எழுதும் கோப்புறை வசதி இருந்தாலும், பட்டியல்களை நீங்களே தீர்மானிக்க வேண்டுமானால் டெர்மினலில் எச்டிஐயூட்டில் கருவியின் மேக்ஹைப்ரிட் கட்டளைதான் ஏற்றது. ஐஎஸ்ஓ, ஜோலியட், யூடிஎஃப் என்று வேண்டியவற்றை அதில் தனித்தனியே குறிப்பிடலாம்.

விண்டோஸில் இம்க்பர்ன் போன்ற மென்பொருள்களில் கோப்பு முறைமையாக ஐஎஸ்ஓ 9660, ஜோலியட், யூடிஎஃப் ஆகிய மூன்றும் சேர்ந்த தேர்வை எடுத்து, யூடிஎஃப் பதிப்பை 1.02 என்று வையுங்கள். விண்டோஸின் சொந்த வசதியைப் பயன்படுத்துபவர்களுக்கு வெற்று வட்டை வைத்தவுடன் ஒரு கேள்வி வரும்: வட்டை யுஎஸ்பி டிரைவ்போலப் பயன்படுத்த வேண்டுமா, சிடி அல்லது டிவிடி பிளேயருடன் பயன்படுத்த வேண்டுமா என்று. முன்னதைத் தேர்ந்தெடுத்தால் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஆனால் அது யூடிஎஃப் 2.01-இல் திறந்த நிலையில் எழுதப்படும் வட்டு, பழைய கணினிகளிலும் பிற சாதனங்களிலும் தகராறு செய்யும். பின்னதே நமக்கு வேண்டியது.

வட்டின் பெயரை ஆங்கிலப் பேரெழுத்து, எண், கீழ்க்கோடு ஆகியவற்றில் 11 எழுத்துக்குள் வையுங்கள். தரம் 32 வரை அனுமதித்தாலும், ஜோலியட்டில் 16 குறிகளுக்கே இடமுண்டு. குறுகிய பெயர் எங்கும் வெட்டுப்படாது.

ஐந்தாம் படி: இமேஜை ஒவ்வொரு கண்ணாலும் பார்த்தல்

பலர் தாண்டிச் சென்றுவிடும் படி இது. என் கணக்கில் மிக முக்கியமானதும் இதுவே. லினக்ஸ் கணினி ஒன்று கையில் இருந்தால், மூன்று இயங்குதளங்களின் பார்வையையும் அதிலேயே சோதிக்கலாம். இமேஜை முதலில் இயல்பாக மவுன்ட் செய்யுங்கள், அதாவது ஒரு வட்டைப்போல அதைக் கணினியில் இணைத்துத் திறங்கள். தெரிவது ராக் ரிட்ஜ் பட்டியல். அடுத்து நோராக் என்ற விருப்பத்துடன் மவுன்ட் செய்தால் ராக் ரிட்ஜ் ஒதுக்கப்பட்டு, விண்டோஸ் காணும் ஜோலியட் பட்டியல் தெரியும். பிறகு நோராக், நோஜோலியட் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், எந்த நீட்டிப்பும் அறியாத சாதனம் காணும் வெறும் ஐஎஸ்ஓ பட்டியல் கிடைக்கும். யூடிஎஃப் சேர்த்திருந்தால், கோப்பு முறைமை வகையை யூடிஎஃப் என்று குறிப்பிட்டு நான்காவது முறையும் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கையை, நீங்கள் தொகுத்து வைத்த கோப்புறையுடன் ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் ஏதோ ஒரு பட்டியலில் கோப்பு விடுபட்டிருக்கிறது; எண்ணிக்கை சரியாக இருந்து பெயர்கள் அடையாளம் தெரியாமல் இருந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். விண்டோஸ் 8 முதல் இமேஜ் கோப்பை இருமுறை சொடுக்கினாலே அது ஒரு டிரைவாகத் திறக்கும் என்பதால், அங்கும் ஒருமுறை அட்டவணைப் பக்கத்தைத் திறந்து இணைப்புகளைச் சொடுக்கிப் பார்ப்பது நல்லது. இமேஜில் காணும் பிழைக்கு வெற்று வட்டு எதுவும் வீணாவதில்லை.

இந்தச் சோதனைக்கு முன்பே தொகுத்து வைத்த கோப்புறையில் எல்லாக் கோப்புகளுக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகைகளின் (கோப்பின் உள்ளடக்கம் மாறினால் தாமும் மாறும் எண்கள்) பட்டியலை உருவாக்கி, அதையும் இமேஜுக்குள் சேர்த்திருந்தால் பிற்காலத்தில் உதவும். இந்தப் பட்டியலுக்கு மட்டும் லினக்ஸ் பாணி வரிமுடிவையே வையுங்கள். விண்டோஸ் பாணியில் எழுதினால், வரியின் இறுதியில் ஒட்டிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத குறியைக் கோப்புப் பெயரின் பகுதியாக எண்ணிச் சில சரிபார்ப்புக் கருவிகள் கோப்பையே காணோம் என்று சொல்லும்.

ஆறாம் படி: எழுதுதலும் மூடுதலும்

எழுதும் மென்பொருளில் இமேஜை வட்டில் எழுதும் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். இமேஜ் கோப்பை ஒரு சாதாரணக் கோப்பாக வட்டில் நகலெடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. திறந்தால் உள்ளே ஒரே ஒரு பெரிய கோப்பு மட்டும் இருந்தால் நடந்தது அதுதான்.

சிடியில் ஒரே மூச்சில் முழு வட்டையும் எழுதும் முறையையும், ஒற்றை செஷனையும் (ஒரு தடவையில் எழுதி முடிக்கும் பகுதி) தேர்ந்தெடுத்து, முடிவில் வட்டை மூடும் விருப்பத்தைக் கட்டாயம் குறியிடுங்கள். பல செஷன்களாக எழுதிய வட்டில், கடைசி செஷனின் பட்டியல் முந்தைய செஷன்களின் கோப்புகளையும் சேர்த்துச் சுட்டும். முதல் செஷனை மட்டும் படிக்கும் சாதனத்தில் பின்னர் சேர்த்தவை எதுவும் தெரியாது. மூடாமல் விட்ட வட்டு, எழுதிய டிரைவில் சரியாகத் திறந்துவிட்டுப் பிற டிரைவ்களில் காலியாகத் தோன்றலாம் என்பதால், தன் கணினியில் சோதித்துத் திருப்தி அடைந்தவர் ஏமாந்துபோவார்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். எவ்வளவு மெதுவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. இன்றைய வட்டுகளின் சாயப்பூச்சு உயர்ந்த வேகங்களுக்கென்று வடிவமைக்கப்பட்டது. ஒரு மடங்கு வேகத்துக்கு இறங்குவதால் தரம் கூடுவதில்லை, சில வேளைகளில் குறையவும் செய்யும். வட்டில் குறித்துள்ள உச்ச வேகத்தில் ஏறத்தாழப் பாதி பொருத்தமானது: 16 மடங்கு டிவிடியை 8 மடங்கில் எழுதலாம்.

ஏழாம் படி: சரிபார்த்தல்

எழுதி முடித்தவுடன் மென்பொருளின் சரிபார்ப்பு வசதியை இயக்குங்கள்; அது இல்லையென்றால் வட்டை வெளியே எடுத்து மீண்டும் வைத்து, சரிபார்ப்புத் தொகைகளை ஒப்பிடுங்கள். விண்டோஸில் சர்ட்யூட்டில், லினக்ஸில் எஸ்எச்ஏ256சம், மேக்கில் எஸ்எச்ஏசம் ஆகிய கருவிகள் இதற்கு ஏற்கெனவே உள்ளன. முழு வட்டையும் இமேஜுடன் ஒப்பிட விரும்புபவர்கள் இமேஜின் பைட் எண்ணிக்கையை 2,048-ஆல் வகுத்து, அத்தனை செக்டர்களை மட்டும் படிக்க வேண்டும். அதற்கு மேல் படித்தால், தடம் தடமாக எழுதும் முறையில் சிடியின் இறுதியில் சேரும் படிக்க முடியாத இரண்டு செக்டர்களில் முட்டிப் பிழை வரும். நல்ல வட்டைக் கெட்டது என்று எறிய நேரும். இமேஜ் உருவாக்கும் கருவிகள் முடிவில் 150 வெற்று செக்டர்களை நிரப்பித் தருவதும் இந்தப் பிழை உண்மையான கோப்புகளைத் தொடாமல் இருக்கவே. அந்த விருப்பத்தை நீக்காதீர்கள்.

அதன்பின் எழுதிய டிரைவ் அல்லாத வேறொரு டிரைவில், முடிந்தால் கிடைப்பதிலேயே பழைய டிரைவில், வட்டின் வெளி விளிம்புப் பகுதியில் எழுதப்பட்ட கோப்புகளைத் திறந்து பாருங்கள். எழுதும்போது நேரும் பிழைகள் முதலில் தலைகாட்டுவது விளிம்பில்தான். வட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், நிரம்பிய வட்டில் இமேஜின் கடைசிக் கோப்புகள் அங்கே இருக்கும்.

பெயர் எழுதுதலும் பாதுகாத்தலும்

வட்டின் மேல் ஒட்டும் காகிதம் வேண்டாம். சுழலும்போது சமநிலையைக் கெடுக்கும், நாளடைவில் உரிந்து டிரைவுக்குள் சிக்கவும் செய்யும். பந்துமுனைப் பேனாவும் ஆகாது. சிடியில் தரவு அடுக்கு, பெயர் எழுதும் பக்கத்துக்கு நேர் கீழே மெல்லிய பூச்சு ஒன்றின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைவிட மேற்பக்கக் கீறல் அதற்கு ஆபத்தானது. டிவிடியில் தரவு அடுக்கு இரண்டு 0.6 மிமீ தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அந்த அபாயம் குறைவு. மென்முனை கொண்ட, நீரில் கரையும் மை உள்ள பேனாவால், கூடுமானவரை நடுவளையத்தின் ஒளி ஊடுருவும் பகுதியில் எழுதுங்கள். எழுத வேண்டியவை வட்டின் பெயர், தேதி, உள்ள கோப்பு முறைமைகள், யூடிஎஃப் இருந்தால் அதன் பதிப்பு எண். கடைசி இரண்டும் மிகையாகத் தோன்றலாம். ஆனால் வட்டு எங்கோ ஒரு கணினியில் திறக்கவில்லை என்று செய்தி வரும்போது, காரணத்தைக் கண்டுபிடிக்க முதலில் தேவைப்படுவது அவைதான். எழுதிய வட்டுகளை வெயிலும் வெப்பமும் படாத இருளான இடத்தில், உறையில் இட்டுச் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும்; இமேஜ் கோப்பையும் வன்வட்டில் அழிக்காமல் வைத்திருந்தால், வட்டு பழுதாகும் நாளில் முதல் ஐந்து படிகளையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்காது.